வேளிர் நிலத்தில் வேந்தர்



விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், நியாயாதிபதிகளின் காலம் முடிந்து சவுல் என்பவர் இஸ்ரவேலரின் முதல் அரசராவது வரையிலான பகுதி, காரைக்காலில் வளரும் ஒரு மாணவர் தம் நிலத்தின் பழைய வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பகுதியாகும். நியாயாதிபதி என்போர் வழக்குத் தீர்ப்பவர் மட்டுமல்லர். பகைவர் வந்தபோது குலங்களைத் திரட்டிப் போருக்கு நடத்திச் சென்றவர்கள். தெபொராள், கிதியோன் முதலிய இத்தலைவர்களுக்கு முடியோ நிலைப்படையோ கிடையாது. அரசாளும்படி மக்கள் வேண்டியபோது கிதியோன் மறுத்தார் என்றே அந்நூல் கூறுகிறது. பின்னர், கடற்கரைப் பெலிஸ்தரின் நெருக்குதல் பெருகி, இஸ்ரவேலர் தம் கலப்பைக் கொழுவைத் தீட்டுவதற்கும் பகைவரின் கொல்லரிடமே போக வேண்டிய நிலை வந்தது. அக்காலத்தில், கடைசி நியாயாதிபதியான சாமுவேலிடம் மூப்பர்கள் சென்று, மற்ற நாட்டாருக்கு இருப்பது போல் தங்களுக்கும் ஓர் அரசர் வேண்டும் என்று கேட்டார்கள்.

தமிழ்நிலத்தில், குடித்தலைமை முடியரசாக மாறும் இத்தகைய மாற்றம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சங்க காலத்தில் நிகழ்ந்தது. அக்காலத் தலைவர்களை மூன்று படிகளாகப் பிரித்துக் காண்பது வரலாற்றாசிரியர் வழக்கம்: ஓர் ஊர்க்குத் தலைவரான கிழார், மலையோ சிறு நாடோ உடைய குடித்தலைவரான வேளிர், முடியும் முரசும் வெண்கொற்றக் குடையும் உடைய சேர சோழ பாண்டியராகிய வேந்தர். வேளிர் எங்கோ மலைநாட்டில் மட்டும் வாழ்ந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. சோழ வேந்தன் கரிகாலனின் தாய் அழுந்தூர் வேள் குடியிலும் மனைவி நாங்கூர் வேள் குடியிலும் பிறந்தவர்கள் என்பது தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் தரும் செய்தி. அழுந்தூர் இன்றைய தேரழுந்தூர். நாங்கூர் சீர்காழிக்கு அருகிலுள்ள ஊர். இரண்டுமே காரைக்காலிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருப்பவை. ஆகவே, சோழ அரசு வேளிரை வென்று மட்டும் வளரவில்லை, அவர்களிடம் பெண் எடுத்தும் வளர்ந்தது என்பது புலனாகும்.

வென்றதற்கும் சான்று உண்டு. கரிகாலன் வெண்ணியில் சேரனையும் பாண்டியனையும் அவர்களோடு சேர்ந்த பதினொரு வேளிரையும் முறியடித்தான் என்பது சங்கப் பாடல்கள் வழியே தெரிகிறது. அந்த வெண்ணி, நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணி; காரைக்காலிலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் ரயில் அவ்வூரைக் கடந்துதான் போகிறது. அப்போரில் முதுகில் புண்பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் அதற்கு நாணி, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர்விட்டான். இதை வடக்கிருத்தல் என்பர். அவ்வூரைச் சேர்ந்த வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நேருக்கு நேர் விளித்து, உன்னைவிடத் தோற்றவனே நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார். புதிதாகப் பெருகிய அரசாற்றலின் முகத்துக்கு எதிரே ஓர் ஊரின் குயவர் குடிப் பெண் இவ்வாறு சொல்ல முடிந்தது என்பது, வெற்றியைவிடப் பெரிய செய்தி.

வேந்தர் வென்றதற்கு வாள் மட்டும் காரணமன்று. பறம்பு மலையை ஆண்ட வேள் பாரியின் செல்வம், உழாமலே கிடைக்கும் மூங்கில்நெல், பலாச்சுளை, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவை என்று அவனுடைய நண்பர் கபிலர் பாடுகிறார். அவற்றைப் பாணர்க்கு வாரி வழங்கலாம். ஆனால் களஞ்சியத்தில் குவித்து ஒரு படையை ஆண்டு முழுதும் ஊட்ட இயலாது. சோழரின் காவிரிக் கடைமடையிலோ நெல் சேமிப்புக்கு மிஞ்சி விளைந்தது. காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுக்குச் சுங்கம் கொண்டு சோழரின் புலிப்பொறி இட்டனர் என்று பட்டினப்பாலை என்னும் சங்கப் பாட்டு விரிவாகக் கூறுகிறது. மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டதையும் பாரி மாண்டதையும் இந்த வேறுபாட்டோடு வைத்துப் பார்த்தால், கொடையால் நின்ற தலைமையை வரியால் நின்ற தலைமை விழுங்கியது விளங்கும்.

அரசரைத் தேர்ந்த கதைகளும் ஒப்பிடத்தக்கவை. சவுல் மிஸ்பாவில் சீட்டுப்போட்டுக் குலம் குலமாக, குடும்பம் குடும்பமாகத் தேடித் தெரிந்தெடுக்கப்பட்டார். கழுமலத்தில் கட்டியிருந்த யானை கருவூருக்குச் சென்று கரிகாலனைச் சுமந்து வந்தது என்பது தமிழ் மரபுக் கதை. கழுமலம் சீர்காழியின் பழம்பெயர்களுள் ஒன்று. மனிதர் தேர்ந்தார்கள் என்றால் பொறாமை பிறக்கும் என்பதால், இரு சமூகங்களும் அப்பொறுப்பை மனித விருப்பத்துக்கு அப்பால் வைத்தன போலும்.

எனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அரசன் வந்தால் பிள்ளைகளைத் தேருக்கும் போருக்கும் கொண்டுபோவான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று சாமுவேல் முன்கூட்டியே எச்சரித்தார், மக்கள் கேட்கவில்லை. பின்னர் அரசரான சாலொமோன் காலத்தில் நாடு பன்னிரண்டு பகுதிகளாக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு மாதம் அரண்மனைக்கு உணவளிக்க வேண்டியதாயிற்று. தமிழ்ப் புலவர்களோ வேந்தன் நிலைபெற்ற பின்பே, அவன் முன் நின்று அத்தகைய எச்சரிக்கையைச் சொன்னார்கள். ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு வரும், அந்த யானையே வயலில் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதே மிகும் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரி கொள்ளும் முறையை விளக்கினார். நாற்றங்காலைக் கண்ட எவருக்கும் அதற்கு உரை வேண்டியதில்லை.

சாலொமோன் இறந்தபின், சுமையைக் குறைக்குமாறு சீகேமில் மக்கள் கேட்டபோது, அவருடைய மகன் ரெகொபெயாம் இன்னும் கூட்டுவேன் என்றார். பத்துக் குலங்கள் பிரிந்து வேறு அரசை நாட்டின. சோழன் கிள்ளிவளவனிடம் சென்ற வெள்ளைக்குடி நாகனாரோ, வேந்தனின் குடை வெயிலை மறைப்பதற்கன்று, குடிகளுக்கு நிழல் தருவதற்கே என்றும், படை பெறும் வெற்றி உழுபவரின் கொழுமுனையில் விளைவது என்றும், மழை பொய்த்தாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும் எடுத்துரைத்தார். அவர் அப்பாடலைப் பாடித் தம் நிலத்தின் பழைய செய்க்கடனை, அதாவது நிலுவையில் நின்ற நிலவரியை, நீக்கிக் கொண்டார் என்று புறநானூற்றுப் பாடலின் அடிக்குறிப்பு பதிவு செய்திருக்கிறது.