பையன் பழைய கார் கேட்கிறானா? முதலில் இதைப் படியுங்கள்!

ஜூன் மாதம் பிறந்தால் போதும், நம்ம கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து வீடுகளில் ஒரு புது வழக்கு தொடங்கிவிடும். பிளஸ் டூ முடிஞ்சாச்சு, காலேஜில் இடம் கிடைச்சாச்சு, வயசும் 18 ஆச்சு. "அப்பா, எனக்கு ஒரு கார் வேணும். புதுசு வேண்டாம், செகண்ட் ஹேண்டே போதும். ஆனா நல்லா 'பிக்-அப்' இருக்கணும்!"

அப்பா யோசிப்பார். "பைக்கை விட கார் பத்திரந்தானே?" என்பார் அம்மா. "பேரன் ஆசைப்படறான், வாங்கிக் குடுங்க சாமி" என்று அப்புச்சி சிபாரிசுக்கு வந்துவிடுவார். பையன் என்று எழுதுகிறேனே தவிர, பெண் கேட்டாலும் இதே கதைதான்.

"ஏனுங்க டாக்டரய்யா, கார் விஷயத்துல சித்த வைத்தியருக்கு என்னங்க வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். என்ஜினைப் பற்றி மெக்கானிக் சொல்வார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரப்போகும் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் வேலை. விபத்தில் அடிபட்டு, ஆபரேஷனும் முடிந்து, "கை மரத்துக் கிடக்குதுங்க, கழுத்து திரும்ப மாட்டேங்குதுங்க" என்று தைலத்துக்கும் தொக்கணத்துக்கும் வருகிற இளவட்டங்களைப் பார்க்கிறவன் நான். வலியைக் குறைக்கலாம், இறுகின தசையை இளக்கலாம். ஆனால் அறுந்துபோன தண்டுவடத்தை ஒட்டவைக்க எந்தத் தைலமும் கிடையாது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்குத்தான். 64,105 விபத்துகள்! அதனால் விலையைப் பேசுவதற்கு முன்னால் சில பாடங்களைப் படித்துவிடுவோம்.

பாடம் 1: லைசென்ஸ் வரட்டும், பிறகு சாவி

"நம்ம தோட்டத்து ரோட்டுலதானே ஓட்டறான்" என்று பதினாறு, பதினேழு வயசிலேயே சாவியைக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இதில் மிகக் கடுமையானது. 18 நிரம்பாத பிள்ளை கார் ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர்தான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸும் கிடைக்காது!

18 ஆனதும் முதலில் எல்.எல்.ஆர். அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். முப்பது நாளில் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். ரோட்டைப் படிக்க அது போதாது. லைசென்ஸ் வந்த பிறகும் சில மாதம் வீட்டில் இருக்கிற வண்டியிலேயே பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து ஓட்ட விடுங்கள். மழை, இருட்டு, பொள்ளாச்சி ரோட்டு லாரி வரிசை, உக்கடம் நெரிசல் எல்லாவற்றையும் உங்கள் துணையோடு பார்க்கட்டும்.

இன்னொன்று, கண் பரிசோதனை. தூரத்துப் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிவதை "எல்லாருக்கும் இப்படித்தான் போல" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்! வலிப்பு, தலைசுற்றல் இருந்தால் லைசென்ஸ் விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது.

பாடம் 2: இது வாத காலம்

மனித ஆயுளை நூறு என்று வைத்து அதை மூன்று பங்காகப் பிரிக்கிறது சித்த மருத்துவம். முதல் பங்கு, அதாவது சுமார் 33 வயசு வரை, வாத காலம். வாதம் என்றால் காற்று. அசைவு, துடிப்பு, ஊக்கம் எல்லாம் அதன் குணம். இந்த வயசில் பிள்ளை வேகத்தை விரும்புவது கெட்ட புத்தி அல்ல. அது வயசின் இயல்பு.

இன்றைய மூளை ஆராய்ச்சியும் வேறு மொழியில் இதையே சொல்கிறது. ஆபத்தை எடைபோட்டு "நிறுத்து" என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர 25 வயசு வாக்கில் ஆகிறது. கையும் காலும் கண்ணும் 18-லேயே தயார். கடிவாளம்தான் இன்னும் பின்னப்படுகிறது!

பக்கத்தில் நண்பர்கள் ஏறினால் அந்தக் கடிவாளம் இன்னும் தளரும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புது லைசென்ஸ்காரர்கள் வண்டியில் 'பி' என்ற எழுத்துப் பலகை மாட்ட வேண்டும். முதல் கட்டத்தில் இருக்கும் 25 வயசுக்குக் குறைந்தவர்கள், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை, 21 வயசுக்கு உட்பட்ட ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். அதிக சக்தி வாய்ந்த கார்களை அவர்கள் தொடவே கூடாது. நம் நாட்டில் இப்படிச் சட்டம் இல்லை. அதனால் அந்தச் சட்டத்தை வீட்டில் நீங்கள்தான் போட வேண்டும்.

பாடம் 3: எத்தனை குதிரை வேண்டும்?

நீங்கள் ஓட்டிப் பழகிய பழைய மாருதி 800-க்குச் சுமார் 37 குதிரைத்திறன். இன்று பிள்ளைகள் 'ஸ்போர்ட்டி' என்று தேடுகிற பழைய வண்டிகளைப் பாருங்கள். 2018-ல் வந்த ஸ்விஃப்டின் பெட்ரோல் என்ஜினுக்கு 80-க்கு மேல். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., மாருதி பலேனோ ஆர்.எஸ். இரண்டுக்கும் 100-க்கு மேல். ஃபியட்டின் அபார்த் புன்டோவுக்கு 145! வண்டியின் எடையோ ஒரு டன் சுற்றுவட்டாரம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வையுங்கள். காய்ந்த ரோடு, நல்ல பிரேக். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்கச் சுமார் 37 மீட்டர். 80-ல் சுமார் 58. 100-ல் சுமார் 84! வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலு மடங்கு ஆகும். குறுக்கே வருகிற எருமைக்கு இந்தக் கணக்கு தெரியாது.

"கோயம்புத்தூர் ரேஸ் ஊருங்க டாக்டர்!" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். அந்தப் பெருமையையே பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். நம் ஊர் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரில் இருந்தது அதே மாருதி 800-ன் என்ஜின்தான்! 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், நம்ம கோவை நரேன் கார்த்திகேயன், முதலில் ஏறியதும் ஃபார்முலா மாருதியில்தான். பிறகு பிரான்ஸில் பந்தயப் பள்ளிக்குப் போய் முறையாகப் பயின்றார். பெரிய என்ஜினை வாங்கி வைத்துவிட்டு யாரும் ஓட்டுநர் ஆகவில்லை.

வேகப் பசி அடங்கவில்லை என்றால் அதற்கும் நம் ஊரில் இடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில், கரிவரதன் பெயரிலேயே, 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. பயிற்சியாளர், ஹெல்மெட், ஆம்புலன்ஸ் என்று ஏற்பாடுள்ள இடத்தில் பசியைத் தீர்த்துக்கொள்ளட்டும். நீலாம்பூர் பைபாஸும், 2025-ல் திறந்த அவிநாசி ரோட்டு மேம்பாலமும் பந்தயத் திடல் அல்ல.

என் யோசனை: முதல் இரண்டு வருஷத்துக்கு டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை ஏர்பேக்குக்கும் நல்ல டயருக்கும் போடுங்கள்.

பாடம் 4: ஒரே முகம், இரண்டு உயிர்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு இந்தியக் கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. அதில் போலோவும் ஒன்று. ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். இரண்டு ஏர்பேக் உள்ள போலோவுக்கு நாலு நட்சத்திரம். அதே பெயர், அதே முகம், அதே கூடு!

ஆகவே "என்ன கார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த வருஷம், எந்த மாடல், ஏர்பேக் எத்தனை?" என்று கேளுங்கள். எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய வண்டி என்றால் இவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாடம் 5: கன்சல்டிங் கடையில் ஒரு நாடி பரிசோதனை

எண்வகைத் தேர்வு செய்துதான் நாங்கள் நோயைக் கணிப்போம். வண்டிக்கும் அப்படித்தான். நம்பகமான மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையா? ஏர்பேக் வெடித்துப் போய், விளக்கையும் பிடுங்கிவிட்டிருக்கலாம்!

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நைந்திருக்கிறதா? அடியில் சேற்றுக் கறை தெரிகிறதா? 2015, 2023 சென்னை வெள்ளம் மாதிரி தண்ணீரில் முழுகின வண்டி வெளியூருக்கு விற்பனைக்கு வரும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். '2321' என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரித்தது. ஆறு வயசு தாண்டியதை மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரைத் திருகியிருக்கிறார்கள். கதவு இடைவெளி ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால் அது பெரிய அடி வாங்கி டிங்கரிங் பார்த்த வண்டி.

சைலென்சர் மாற்றியது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியது, என்ஜினை 'டியூன்' செய்தது எதுவும் வேண்டாம். சட்டச் சிக்கல், இன்ஷூரன்ஸ் தகராறு ஒரு பக்கம். தாழ்த்திய வண்டியில் நம்ம ரோட்டுக் குழியெல்லாம் நேராக இடுப்புக்கு வரும். 20 வயசில் இடுப்பு வலிக்கு என்னிடம் வரிசையில் நிற்க வேண்டுமா?

காகிதத்தில் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பாக்கி அபராதம் பார்க்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் பாங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30-ஆம் எண் படிவங்கள். 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பாடம் 6: உடம்புக்குப் பொருந்துகிறதா?

துணி எடுத்தால் போட்டுப் பார்க்கிறோம். காரையும் போட்டுப் பார்க்க வேண்டும்! இடுப்பு சீட்டின் பின்புறத்தை ஒட்டி இருக்கட்டும். கிளட்சை முழுதும் மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். தோள் சீட்டில் படிந்திருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியைத் தொட வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி. தலைசாய்ப்பின் மேல் விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு. பின்னாலிருந்து இடித்தால் கழுத்தைக் காப்பது அதுதான். சினிமா ஹீரோ மாதிரி சாய்ந்து படுத்து ஓட்டினால் பெல்ட் இருந்தும் பயனில்லை.

வீட்டுச் சட்டம்

சாவியைக் கொடுக்கும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, இவற்றை எழுதி வையுங்கள்.

* பெல்ட் போடாமல் என்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. பின் சீட்டுக்காரர்களும் சேர்த்துத்தான்.

* முதல் ஆறு மாதம் இரவு பத்து மணிக்கு மேல் வண்டி இல்லை. நண்பர் ஒருவருக்கு மேல் இல்லை. ஊட்டி, வால்பாறை மலைப் பாதையும் இப்போதைக்கு இல்லை.

* போன் டேஷ்போர்டு பெட்டிக்குள் போக வேண்டும். ஓட்டும்போது அம்மா கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது. அம்மாவும் கூப்பிடக் கூடாது!

* அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்தர்கள் சொன்னதில் தூக்கமும் ஒன்று. கொட்டாவி வந்தால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் கண் அயர வேண்டும். சுக்குக் காபி தூக்கத்தைத் தீர்க்காது. தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து.

* சளிக்குப் போடும் சில மாத்திரைகள் கண்ணைச் சுழற்றும். தூக்கத்துக்கு நாங்கள் பாலில் தருகிற ஜாதிக்காயும் அப்படித்தான். இவை சாப்பிட்டாலும், எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றும், ஸ்டியரிங் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

* மது அருந்திய நண்பன் ஓட்டும் வண்டியில் ஏறவே கூடாது. நடுராத்திரி ஆனாலும் வீட்டுக்கு போன் செய்யலாம். அப்பா திட்டாமல் வந்து கூட்டிப் போவார்.

இந்தக் கடைசிச் சட்டம் பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. அதைக் காப்பாற்றுவேன் என்று நீங்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு கன்சல்டிங் கடைக்குக் கிளம்பலாம்.