ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கடற்கரை?

மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில நடந்தவங்களுக்குத் தெரியும், மணல் அங்க ஒரே நிறமா இருக்காது. கறுப்பு வரி வரியா ஓடும், சில இடத்துல கருஞ்சிவப்பு. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். தேன் நிறத்தில் கொஞ்சமா கலந்திருப்பது மோனசைட். தோரியமும் அரிய மண் தனிமங்களும் அதுக்குள்ளதான் இருக்கு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் இதை அடையாளம் கண்டார். கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

சரி மக்கா, இங்க எத்தனை டன் இருக்குன்னு எப்படிக் கணக்குப் போடுவது? முதலில் நிலவியல் மேப் வேணும். எந்த ஸ்கேல் மேப் என்பதில்தான் பாதி விடை இருக்கு.

1:50,000 என்றால் மேப்பில் 1 செ.மீ., தரையில் 500 மீட்டர். 1:20,00,000 என்றால் 1 செ.மீ.க்கு 20 கி.மீ. கீழே உள்ள எண் பெருசானா ஸ்கேல் சின்னது. (இன்டர்னல்ல இதை மாத்தி எழுதி மார்க்கை விட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.)

ஒரு கணக்கு பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். நீளம் 5 கி.மீ., அகலம் 100 மீ., ஆழம் 3 மீ. உள்ள ஒரு தாது மணல் பட்டை. கன அளவு 15 லட்சம் கன மீட்டர். மேப்பில் எல்லைக்கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிடுச்சுன்னு வைங்க. பேனா முனை கனம்தான் அது.

1:50,000-ல் அரை மி.மீ. என்பது 25 மீட்டர். அகலம் 75-ஆகவும் இருக்கலாம், 125-ஆகவும் இருக்கலாம். கன அளவு 11.25 லட்சத்திலிருந்து 18.75 லட்சம் வரை ஆடுது. 1:2,50,000-ல் அதே அரை மி.மீ. 125 மீட்டர், அதாவது பட்டையின் அகலத்தையே தாண்டிடுச்சு. 1:2,000-ல் வெறும் 1 மீட்டர். போனில் ஜூம் பண்ணினா சரியாயிடும்னு நினைக்காதீங்க. கோடு பெருசாகும், பிழையும் கூடவே பெருசாகும்.

அதுக்காக சின்ன ஸ்கேல் மேப் வீண் இல்லை. மணல் எங்கிருந்து வந்தது என்பதை அதுதான் காட்டும். மேற்கு மலையின் சார்னோகைட், கார்னெட் உள்ள நைஸ் பாறைகள், அதை அரித்துக் கொண்டுவரும் வள்ளியாறு மாதிரி ஆறுகள், எல்லாம் ஒரே தாளில் தெரியும். தேடுவதற்கு அது போதும், டன் கணக்குக்குப் போதாது. அதனால்தான் கனிம ஆய்வை ஜி4 முதல் ஜி1 வரை படிப்படியா செய்றாங்க. ஒவ்வொரு படிக்கும் ஸ்கேல் பெருசாகும், துளைகள் நெருங்கும். ஆழமும் கனிமத்தின் சதவீதமும் துளை போட்டாத்தான் தெரியும், மேப் அதைச் சொல்லாது. நம்ம கடற்கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று அலை மணலையே இடம் மாத்திடும். ஸ்கேலோட சேர்த்து மேப்பின் தேதியையும் பார்க்கணும்.

2024-ல் கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் ஐ.ஆர்.இ.எல். மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டு, கடலோர ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கும். அந்தப் பரப்பு 1:20,00,000 மேப்பில் 3 சதுர மி.மீ.கூட வராது, ஒரு எள்ளு வச்சா மறைஞ்சிடும். 1:50,000-ல் 46 சதுர செ.மீ., ஏறக்குறைய உள்ளங்கை. 1:2,000-ல் 2.86 சதுர மீட்டர், ஒரு டபுள் கட்டில் அளவு தாள். 10 மீட்டர் வீடு அதில் 5 மி.மீ. கட்டமா தெரியும், கிணறும் வள்ளம் ஏத்துற இடமும் குறிக்கலாம். கனிமம் எவ்வளவுன்னு கேட்கிறவருக்கும், என் வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம்னு கேட்கிறவருக்கும் இந்த மூணாவது தாள்தான் வேணும்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'பூகோஷ்' தளத்தில் 1:50,000, 1:20,00,000 இரண்டு நிலவியல் மேப்பும் இலவசமா கிடைக்கும். குளச்சல் முதல் முட்டம் வரை ரெண்டையும் கியூஜிஐஎஸ்-ல் ஒன்றின் மேல் ஒன்றாப் போட்டுப் பாருங்க. எல்லைக்கோடுகள் எங்கெல்லாம் விலகுதுன்னு அளந்து எழுதி அனுப்புறவங்க விடையை அடுத்த இதழில் போடுறோம்.