வீடு கட்டுமுன் கொல்லையை நினையுங்கள்



ஜெயமங்கலம் வட்டாரத்தில் நெல்லும் வாழையும் விளைந்த பூமி வீட்டு மனைகளாகி வருகிறது. 3 சென்டு வாங்கும் குடும்பஸ்தர், சுவருக்குச் சுவர் சிமெண்டு போட்டுவிட்டு, கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்கிறார். முன்னோர் வீட்டிலோ கிணற்றடி நீரும் அடுப்படி நீரும் கொல்லை வாழைக்குப் பாய்ந்தன. விளைச்சல் வீட்டின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் 1914-ல் சென்னை ராஜதானிக்கு வந்து, மதுரை முதலிய ஊர்களை ஆராய்ந்தார். 1918-ல் இந்தூர் நகரத்துக்கு எழுதிய அறிக்கையில், கழிவையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பாமல் மண்ணுக்கு அனுப்பித் தோட்டம் வளர்க்கச் சொன்னார். இந்த யோசனை நமது சிறு மனைக்கும் பொருந்தும். எப்படியெனில்:

முதலாவது, மண். 3 சென்டு என்பது சுமார் 1,300 சதுர அடி. அதில் 200 சதுர அடியாவது வெயில் படும் பக்கத்தில் வெறும் மண்ணாக இருக்கட்டும். அஸ்திவாரத்துக்கு முன் இதை ஒதுக்குவது சுலபம். பின்னர் சிமெண்டைப் பெயர்ப்பது வீண் செலவு.

இரண்டாவது, தண்ணீர். அடுப்படி கொல்லையை ஒட்டியிருந்தால், பாத்திரம் கழுவிய நீர் தானாகவே வாழைக்குழிக்குப் போகும். துணி வெளுத்த சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். கழிப்பறை நீர் எதிலும் கலக்கலாகாது. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் நமது மாநிலத்தில் கட்டாயம். 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் விழுகிறது.

மூன்றாவது, மாடி. இடமில்லாதவர்கள் மாடியில் தொட்டி வைக்கலாம். ஆனால் ஈரமண் கன அடிக்குச் சுமார் 50 கிலோ கனக்கும். ஆகையால் தளம் போடுமுன்னரே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது, மரம். அடுத்துள்ள பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை, விதை ஊன்றிச் சுமார் 6 மாதத்தில் காய்க்கும். கிளை எளிதில் முறியுமாதலால், பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

"கையளவு இடத்தில் என்ன விளையும்?" என்பீர்கள். அரிசி விளையாதுதான். ஆனால் கீரையும் காயும் தினந்தோறும் வாங்கக் கையில் காசில்லாத வீட்டில், கர்ப்பிணியின் தட்டிலும் பிள்ளையின் தட்டிலும் முதலில் குறைவது அவைகளே. அந்தக் குறையைத் தீர்க்க இவ்வளவு மண் போதும்.

ஆகவே, வீட்டுக்குப் படம் போடுகிறவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. மண்ணாக விடும் இடம் எது?
2. அடுப்படி நீர் எங்கே போகும்?
3. மாடி எவ்வளவு பாரம் தாங்கும்?

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு வாணம் தோண்டுங்கள்.