பத்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளச் செய்தியை உன் பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டினாள். போனில் பேசினால் பாதியில் உனக்கு டூட்டி வந்துவிடும், எனக்குக் காது கேட்காது. அதனால்தான் காகிதம்.

இங்கிலாந்து வேலைக்குப் போவது தேவசித்தமா இல்லையா என்று கேட்டிருக்கிறாய். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஆபிரகாமை அவன் தேசத்தை விட்டுப் புறப்படச் சொன்ன வசனம் வந்ததாம். பிறகு கன்வென்ஷனில் பிரசங்கியார் உன் பக்கம் கையைக் காட்டி, எகிப்துக்குப் போகாதே என்றாராம். இரண்டில் எது கர்த்தருடைய சத்தம் என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது என்கிறாய்.

ஆதியாகமத்தை எடுத்து மூன்று இடங்களை வரிசையாக வாசி. 12ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்குப் புறப்படு என்று கட்டளை. 26ஆம் அதிகாரத்தில் அவன் மகன் ஈசாக்குக்கு, பஞ்சகாலத்திலும் எகிப்துக்குப் போகாதே என்று கட்டளை. 46இல் பேரன் யாக்கோபிடம், எகிப்துக்குப் போகப் பயப்படாதே என்கிறார். ஒரே குடும்பம், ஒரே தேவன், மூன்று பேருக்கு மூன்று பேச்சு. அவரவர் நிலைமைக்குச் சொன்னதை அட்டையில் அடித்துத் தட்டில் குலுக்கி வைத்தால் அது உன் விசா விஷயத்தைப் பேசும் என்று யார் சொன்னது? நம் சபையில் கல்யாணமே ஆகாத எழுபது வயது மூப்பருக்கு ஒரு வருஷம் பிள்ளைகளைப் பற்றிய ஒலிவக்கன்று வசனம் வந்தது. மனுஷன் சிரித்துக்கொண்டே பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அட்டை எடுக்காதே என்று சொல்லவில்லை. அந்த வசனத்தை வைத்து வருஷம் முழுக்க ஜெபி. ராஜினாமா கடிதத்தை மட்டும் அதை வைத்து எழுதாதே.

வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபர் லெட்டர் வந்தால் போவேன், வராவிட்டால் மாட்டேன் என்று பொருத்தனை வேறு. அந்த ஊர் ஹெச்.ஆர். அம்மாவுக்கு வியாழக்கிழமை காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய்? கிதியோன் அடையாளம் கேட்டுத் தோலைப் போட்டானே என்பாய். அவனுக்குச் சித்தம் முன்னமே தெளிவாகச் சொல்லியாயிற்று. பயத்தில்தான் தோலைப் போட்டான். இரண்டாம் தரம் கேட்கும்போது, கோபம் வேண்டாம் ஆண்டவரே என்று அவனே கெஞ்சுகிறான். கதவு திறந்திருப்பதும் அடையாளம் ஆகாது. யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. எல்லாம் கூடிவந்தது, போன திசைதான் தப்பு.

இனி, உன் செய்தியில் நான் இரண்டு தரம் வாசிக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஐ.சி.யூ.வில் நீ பார்த்த பதினொரு மாதத்தை அனுபவச் சான்றிதழில் ஒன்றரை வருஷமாகப் போட்டு வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொன்னான், மூன்று லட்சம் கேட்கிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். மகளே, அதற்கு உபவாசமும் வேண்டாம், அடையாளமும் வேண்டாம். பொய்ச் சான்றிதழ் தேவசித்தம் அல்ல என்று உனக்கே தெரியும். பணமும் அப்படித்தான். வெளிநாட்டு நர்ஸுகளிடம் வேலை வாங்கித் தர ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பது இங்கிலாந்து அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. கேட்கிறவன் எப்படிப்பட்டவன் என்று அதிலேயே தெரிகிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் தேவசித்தம் இன்னது என்று நேராகச் சொல்லுகிற இடங்கள் இரண்டு: ஒன்று பரிசுத்தம், மற்றது எதிலும் ஸ்தோத்திரம் செய்வது. எந்த ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. சொல்லிவிட்டதில் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம், சொல்லாததற்குத் தரிசனம் கேட்கிறோம்.

அம்மா விஷயமும் அந்த வகைதான். அவளுக்கு முட்டு தேய்ந்து, ராத்திரி பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று மாற்கு 7இல் இருக்கிறது. அதற்காக அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார் என்று அர்த்தம் இல்லை. சிலுவையில் தொங்கியபோதும் தாயை யோவான் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் போனார். உன் தம்பி கடைசி வருஷம் முடிக்கிறவரை அம்மாவோடு ராத்திரி யார் படுப்பது, ஆபரேஷன் என்றால் யார் கூட இருப்பது? இதற்குப் பதில் தேடு. ஜெபத்தில் கேட்கவேண்டியதும் இதுதான்.

அடையாளம் கேட்ட ஒருவனை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆபிரகாமின் ஊழியக்காரன். ஈசாக்குக்குப் பெண் தேடிப் பத்து ஒட்டகங்களோடு போகிறான். கிணற்றடியில் நின்று, நான் தண்ணீர் கேட்கும்போது ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்லுகிறவளே அந்தப் பெண்ணாக இருக்கட்டும் என்று ஜெபிக்கிறான். தாகமெடுத்த ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர்கூடக் குடிக்கும். பத்து ஒட்டகம் என்றால் கணக்குப் போட்டுக்கொள். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக, சாயங்கால வேளையில், ரெபெக்காள் என்ற ஒரு சின்னப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கும் தொட்டிக்கும் ஓடுகிறாள். அவன் கேட்ட அடையாளத்திலேயே பெண்ணுடைய குணமும் உடம்பில் இருக்கிற தெம்பும் தெரிந்துவிடுகிறது. நல்ல மாமனார் பார்க்கவேண்டியதைத்தான் அவன் பார்த்தான். அப்படியும் உடனே ஆடவில்லை. வாய் திறக்காமல் கவனித்துக்கொண்டே நின்றான். யார் மகள் என்று விசாரித்தான், வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. காரியம் கர்த்தரால் வந்தது என்று அண்ணனும் தகப்பனும் ஒப்புக்கொண்டாயிற்று, நகையும் கொடுத்தாயிற்று. மறுநாள் புறப்படுகிற நேரத்தில் வீட்டார் பெண்ணையே கூப்பிட்டு, இந்த மனுஷனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள். ஜெபம், அடையாளம், பெரியவர்கள் சம்மதம் இத்தனைக்குப் பிறகும் ரெபெக்காள் தன் வாயால் சொல்ல ஒன்று மிச்சம் இருந்தது.

உன் செய்தி முழுக்கத் தேடிப் பார்த்தேன். உனக்குப் போக ஆசையா என்று ஓர் இடத்திலும் இல்லை. அட்டை சொன்னது இருக்கிறது, பிரசங்கியார் சொன்னது இருக்கிறது, ஹாஸ்டல் தோழிகள் சொன்னது இருக்கிறது. நீ எங்கே? ஆசைப்படுவதே பாவம் என்பதுபோல நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். விதவையானவள் கர்த்தருக்குள் இருக்கிற எவனையும் தன் இஷ்டப்படி விவாகம் பண்ணலாம் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதி வைத்திருக்கிறார். பாவம் இல்லாத இரண்டு வழி முன்னால் இருந்தால், தெரிந்தெடுக்கிற பொறுப்பை ஆண்டவர் நம் கையிலேயே விடுகிறார் என்றுதான் நான் வாசித்துப் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பொறுப்பு பயமாக இருப்பதால்தான் அட்டையைத் தேடி ஓடுகிறோம்.

முழு வழியும் முதலிலேயே தெரிய வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. நம் வெள்ளாளன்விளை போதகர் குடும்பத்துப் பிள்ளை அசரியாவைப் பார். 1902இல் யாழ்ப்பாணம் போகிறார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு வெளியே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து, நாம் என்ன செய்தோம் என்று குத்துகிறது. அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்குகிறார்கள். அப்புறமும் சில வருஷம் ஊர் ஊராகப் போய் மற்றவர்களை அனுப்புகிற வேலைதான். 1909இல்தான் அவரே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்குப் புறப்படுகிறார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இதெல்லாம் தெரிந்திருக்க வழி இல்லை. அடுத்து செய்யவேண்டியது எது என்று தெரிந்தது, அதைச் செய்தார்.

என் எண்ணத்தைக் கேட்டால், போ என்பேன். இந்த ஏஜென்ட் வழியாக வேண்டாம், இந்தச் சான்றிதழோடும் வேண்டாம். பாக்கி மாதங்களை இங்கேயே முடித்துவிட்டு, நேரடியாக விண்ணப்பம் போடு. இது பெரியப்பா சொல்வது, ஆண்டவர் சொன்னதாக எழுதி வைத்துக்கொள்ளாதே. மூப்பர் சொல்லுகிற புத்தி வேறு, தீர்க்கதரிசனம் வேறு. போகவேண்டாம் என்று நீ முடிவெடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை, ஆண்டவர் உன்மேல் முகம் சுளிப்பார் என்றும் நான் நினைக்கவில்லை.

பாஸ்டரைப் பார்க்கப் போனால் எனக்கு ஒரு வசனம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்காமல், இந்த முழு விஷயத்தையும் சான்றிதழ் சங்கதி உட்படச் சொல். அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் குளிரையும் வாடகையையும் பற்றிக் கேள், ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டால் ஆராதனைக்கு என்ன செய்கிறார்கள் என்றும் கேள். ஒப்பந்தப் பேப்பர் வந்தால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பார்க்கவேண்டும். ஈஸ்டருக்கு அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ராத்திரி யார் கூடப் படுப்பது என்பதை உட்கார்ந்து பேசி முடிப்போம். பெரியம்மா இப்போதே உளுந்து வறுத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா