கொளத்தூரில் வாங்கி, தஞ்சாவூரில் வளர்க்க

பொருட்காட்சியில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்து, தலைக்கு மேலே மீன்கள் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்காது. வெளியே வரும் வாசலிலேயே ஒரு கடை போட்டிருப்பார்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், ஒரு ஜோடி கோல்டு பிஷ், ஒரு டப்பா தீனி. மூன்றையும் சேர்த்து வாங்கி வந்தால், ஒரு வாரத்தில் கிண்ணமும் தீனியும் மிஞ்சும்.

வளர்ப்பது என்று முடிவாகிவிட்டால் ஒருமுறையாவது சென்னை கொளத்தூருக்குப் போய்வரலாம். வண்ண மீனுக்குத் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய சந்தை இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துப் பண்ணைகளின் மீனும் வெளிநாட்டு இறக்குமதியும் ஒரே தெருவில் கிடைக்கும். நிரந்தரமாக நடக்கும் கண்காட்சி என்றே சொல்லலாம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வாங்கி, உயிரோடு கொண்டுவந்து, நம் ஊர்த் தண்ணீரில் பிழைக்கவைக்க வேண்டும். அதற்கு வேலை வீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு மாதம் முன்பு

முதலில் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குப்படி 56 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போகச் சுமார் 45 லிட்டர் நிற்கும். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து அறுபது கிலோவைத் தாண்டும். டிவி ஸ்டாண்டு மேலே வைக்கிற பொருள் அல்ல.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஏர் மோட்டாரும் ஸ்பான்ஜ் ஃபில்டரும் மாட்டி, மீன் இல்லாமலே ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. தீனி அழுகி அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைக் கொஞ்சம் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால், அவருடைய பழைய ஸ்பான்ஜைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் பிழிந்து விடுங்கள். அந்த நாட்களில் பாதியிலேயே வேலை முடியும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான்.

அடுத்தது தண்ணீர். டெல்டாவில் இது ஊருக்கு ஊர் மாறும். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு தடித்துக் கிடந்தால் உங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் அதில் மகிழ்ச்சியாக இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு கலந்த தண்ணீர் என்றால் மோலிக்கு இன்னும் வசதி, அது உப்பைத் தாங்கும் மீன். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்மையான, லேசாகப் புளிப்பான தண்ணீரின் மீன்கள். இது தெரியாமல் என் முதல் பயணத்தில் இருபது நியான் வாங்கி வந்தேன். நீலக்கோடும் சிவப்புக்கோடுமாக மூன்று நாள் வீடே அழகாக இருந்தது. எட்டாம் நாள் தொட்டியில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை. நல்ல மீனைத்தான் கொடுத்தார்.

போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் காற்று குறைவு. ஒரு ராத்திரி வாளியில் வைத்து ஏர் மோட்டார் ஓட்டிவிட்டு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சில துளி. ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடும்போது ஒரு குடம் மொண்டு தொட்டிக்கு ஊற்றத் தோன்றும். வேண்டாம். குறுவைக்கும் சம்பாவுக்கும் அடிக்கும் பூச்சிமருந்து வயலில் வடிந்து அதே வாய்க்காலுக்குத்தான் வருகிறது.

சந்தையில் ஒரு காலை

எழும்பூரில் இறங்கியவர்கள் சென்ட்ரல் வந்து, புறநகர் ரயிலில் வில்லிவாக்கம் போனால் கொளத்தூர் பக்கம். ஞாயிறு கூட்டம் தாங்காது. வார நாளில் போனால் கடைக்காரரிடம் நின்று பேச முடியும். முதல் ஒரு மணி நேரம் பர்ஸைத் திறக்காதீர்கள். சும்மா சுற்றுங்கள்.

மீனைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். மூலையில் செத்த மீன் கிடக்கிறதா? ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் போடுகிறார்களா? ஒரு தொட்டியின் நோய் பக்கத்துத் தொட்டிக்குப் போகும் வழி அதுதான். பிறகு மீன். துடுப்பு விரிந்திருக்க வேண்டும். உடம்பில் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வெண்புள்ளி நோய், அந்தத் தொட்டியில் எதையும் தொடாதீர்கள். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் மீன், முதுகு கத்தியாக மெலிந்த மீன், செதில் பலாக்காய்த் தோல் மாதிரி நிமிர்ந்த மீன் எல்லாம் வேண்டாம். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடிவந்து தின்னும் மீன்தான் ஊர் வந்து சேரும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

“எப்ப வந்த சரக்குண்ணே இது?”

“நேத்து ராத்திரிதான் சார். ஃப்ரெஷ்.”

கத்தரிக்காய்க்கு அது நல்ல பதில். மீனுக்கு ஆகாது. பயணக் களைப்பில் சாகிற மீன் முதல் வாரத்திலேயே செத்துவிடும். கடையில் பத்து நாள் நின்று தின்று தேறியதை வாங்குங்கள்.

சில மீன்களின் நிறம் பிறவியில் வந்ததல்ல. கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி இளஞ்சிவப்பு, பச்சை என்று விற்பது பழைய வேலை. சாயம் சில மாதத்தில் மங்கும், மீன் அதற்கு முன்பே மங்கும். அந்தக் கண்ணாடி மீன் நம்ம ஊர் வாய்க்காலிலேயே சாயம் இல்லாமல் கிடக்கிறது என்பது தனி வேடிக்கை. அயிரையும் அப்படித்தான். குழம்புக்கு என்று மட்டும் நினைக்கிறோம். மணல் போட்ட தொட்டியில் நான்கைந்து விட்டுப் பாருங்கள், அடியில் மிஞ்சும் தீனியைத் துழாவித் தின்றுகொண்டே இருக்கும்.

அடி சுத்தம் செய்ய என்று கடைகளில் கட்டாயம் ஒரு சக்கர் மீனைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விரல் நீளத்தில் பாவமாக இருக்கும். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு அதைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டவர்களால்தான் இன்று தமிழ்நாட்டு ஆறு, ஏரிகளில் வலை வீசுகிறவர்களுக்கு அது சிக்குகிறது. முள் துடுப்பு வலையைக் கிழிக்கும், விலையும் போகாது. வாங்காதீர்கள். எந்த மீனாக இருந்தாலும் சலித்துப்போனால் வெண்ணாற்றிலோ கோயில் குளத்திலோ விடாமல், கடையிலோ இன்னொரு வளர்ப்பவரிடமோ கொடுங்கள்.

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் இது. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கதை வேறு. கல் பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ளதும் சரி, அலங்காரத்துக்கு வைக்கும் வெள்ளைக் கூடும் சரி, வாங்குவது குற்றம். மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. கடல்குதிரையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான். ‘உள்ளே இருக்கு சார், வாங்க’ என்று யாராவது தாழ்ந்த குரலில் கூப்பிட்டால் அப்படியே திரும்பி நடங்கள். நட்சத்திர ஆமைக்கும் இதே பதில். ஆசிய அரோவனா வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 2024 விதிகளின்படி அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

பவளம் இல்லாமலும் கடல் தொட்டி அழகாக இருக்கும். பீங்கான் பாறை போட்டு, ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் பிடித்ததா, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேளுங்கள். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியவை. பொரிப்பகத்து மீன் பொடித் தீனிக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்தது பட்டினி கிடந்தே சாகக்கூடும்.

மீனுக்கு முன்பாக ஒன்றை வாங்கிப் பையில் போடுங்கள்: பேட்டரி ஏர் மோட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கரண்ட் வந்துசேரப் பல நாள் ஆனது. தென்னை சாய்ந்து கிடக்க, தொட்டியைப் பற்றி யாரிடம் புலம்புவது? முறம் எடுத்து விசிறினேன், சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். இரண்டாம் நாள் இரவு கை ஓய்ந்தது. காலையில் மிச்சம் இருந்தது பைட்டரும் கௌராமியும். அவை மேலே வந்து நேரடியாகக் காற்றை எடுக்கும் சாதி. ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரத்தை நம்பாத ஊர்க்காரர்கள் அந்த இரண்டையும் யோசிக்கலாம்.

பாக்கெட்டும் ராத்திரி வண்டியும்

மீனைக் கடைசியில் வாங்குங்கள், மாலையில், ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில். காலையிலேயே தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுத்து, அன்று தீனி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயிறு காலியாக இருந்தால் பாக்கெட் தண்ணீர் கெடாது. முதல் தடவைக்கு ஆறு சின்ன மீன் போதும்.

“அண்ணே, தஞ்சாவூர் போறேன், பத்து மணி நேரம் ஆகும். ரெட்டைக் கவர் போட்டு, காத்து நிறைய அடிச்சுக் கட்டுங்க” என்று சொல்ல வேண்டும். கால் பங்கு தண்ணீர், முக்கால் பங்கு ஆக்சிஜன். கவரின் இரு மூலைகளையும் ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள், குஞ்சு மீன் மூலையில் சிக்கி நசுங்கும். பைட்டர் ஒவ்வொன்றும் தனிக் கவர்.

தெர்மாகோல் பெட்டி ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும். உழவன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் பெட்டி மீனுக்கு நல்லது. ஏசியில் போனால் பெட்டியைத் துண்டால் சுற்றுங்கள், விடியற்காலைக் குளிரில் வெண்புள்ளி தொடங்கும். பஸ் என்றால் எஞ்சின் பக்கத்துச் சீட் வேண்டாம்.

வீடு வந்த பிறகு

விளக்கைப் போடாதீர்கள். பிள்ளைகள் எழுந்து வருவதற்குள் வேலை முடியட்டும். வாங்கிய மீன் நேராகப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. முப்பது லிட்டர் பிளாஸ்டிக் டப், அதில் உங்கள் தொட்டித் தண்ணீர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மேலே வலை மூடி. கவரைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும்.

கவரைத் திறந்த பிறகு சுணங்கக் கூடாது. பத்து மணி நேரப் பாக்கெட்டில் அம்மோனியா சேர்ந்திருக்கும். உள்ளே கரியமில வாயு இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். கவரை அவிழ்த்ததும் வாயு வெளியேற, தண்ணீர் காரமாக, அதே அம்மோனியா கொல்லும் நஞ்சாகும். இரண்டு மூன்று டம்ளர் டப் தண்ணீரைக் கவரில் ஊற்றி, பத்து நிமிடத்தில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் செடிக்கு.

அன்று தீனி இல்லை. மறுநாள் இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவு. சாக்கடை ஓரத்துப் புழு வாங்கிப் போடாதீர்கள், அதோடு நோயும் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மூன்று வாரம் டப்பில் இருக்கட்டும். புள்ளி, துடுப்புக் கிழிசல், உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் எதுவும் இல்லையென்றால் ஒரு சாயங்காலம் தொட்டிக்கு மாற்றலாம். பெண் கப்பி வாங்கியிருந்தால் அதற்குள் டப்பில் குஞ்சு ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தனி வாளிக்கு எடுத்துவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் தாயே தின்றுவிடும்.