ரசீது இல்லாத குத்தகை

கேள்வி: ஐயா, ஒரத்தநாடு வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் 9 மா நஞ்சையை 23 வருஷமாகக் குத்தகைக்கு உழுதார். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து எதுவும் கிடையாது. சம்பா அறுத்ததும் மாவுக்கு 4 மூட்டை நெல் அளந்துவிடுவோம். நல்ல வருஷத்தில் மாவுக்கு 12 மூட்டை காணும். மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் தவறிவிட்டார். அதன்பின் நானும் என் மகனும்தான் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, சாகுபடியை விடாமல் நடத்துகிறோம். போன சம்பாவில் அறுப்பு நேரத்து மழையில் பயிர் சாய்ந்து, 36 மூட்டை அளக்க வேண்டிய இடத்தில் 20 மூட்டைதான் அளக்க முடிந்தது. நிலத்துக்காரர் ஐயாவும் காலமாகிவிட்டார். சென்னையில் இருக்கும் அவர் மகன், “பாக்கி வைத்திருக்கிறீர்கள், நிலத்தை விற்கப்போகிறேன், இந்தப் போகத்தோடு இறங்கிவிடுங்கள்” என்கிறார். எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார். பயிர்ச் சேதத்துக்கு அரசு கொடுத்த நிவாரணமும் அவர் கணக்குக்குப் போய்விட்டது. காப்பீடு செய்யப் போனாலும், கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனாலும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா? வக்கீல் வைக்க வசதி இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மகனும் போடக் கூடாது. நாளைக்கு அதில் “குத்தகையை மனமுவந்து விட்டுக்கொடுத்தோம், நிலத்தை ஒப்படைத்துவிட்டோம்” என்று எழுதிக்கொண்டால், அது பொய் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். டெல்டாவில் குத்தகை நிலம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்பால் நடப்பதில்லை. இப்படி வாங்கும் கையெழுத்தாலும், “ஐயா வீட்டுப் பிள்ளை கேட்கிறாரே” என்ற கூச்சத்தாலும் போகிறது.

உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அடுத்தவர் நிலத்தில், வெளிப்படையாகப் பேசியோ நடத்தையால் விளங்கியோ ஏற்பட்ட குத்தகையின்படி, தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திச் சாகுபடி செய்கிறவர் சாகுபடிக் குத்தகைதாரர். எழுத்துப் பத்திரம் இருந்தால்தான் குத்தகைதாரர் என்று அந்த வரையறை சொல்லவில்லை. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்கிறவரும் அதில் அடக்கம். குத்தகைதாரர் இறந்தால் அவருடைய வாரிசும் அடக்கம், வாரிசு தன் உடலுழைப்பைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாற்றுப் பறித்ததையும் களை எடுத்ததையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் உங்கள் வழக்கின் உயிரே அதுதான். உங்கள் கணவரின் குத்தகை உரிமை அந்த உழைப்பின் வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது.

இந்தச் சட்டம் பிறந்த மண்ணும் உங்கள் மண்தான். பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு, 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்காக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியில் வந்தது.

இனி அவர் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். நிலத்தை விற்பது அவர் உரிமை, அதைத் தடுக்க முடியாது. ஆனால் வாங்குகிறவர் உங்கள் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். விற்பனையைக் காட்டி உங்களை இறக்க முடியாது. குத்தகைதாரரை வெளியேற்ற சட்டம் சொல்லும் காரணங்கள் சில மட்டுமே: குத்தகைப் பாக்கி, நிலத்தைப் பாழாக்குதல், வேளாண்மை அல்லாத வேலைக்குப் பயன்படுத்துதல், நில உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல். இவற்றில் எதைச் சொன்னாலும் அவர் வருவாய் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, விசாரணை நடந்து, உத்தரவு வாங்க வேண்டும். சொந்தச் சாகுபடிக்காக நிலத்தில் ஒரு பகுதியை மீட்கச் சில வரையறைகளோடு வழி உண்டு, அதற்கும் மனுதான் போட வேண்டும். ஆளை வைத்து வரப்பை வெட்டுவது, டிராக்டரை இறக்கி உழுவது எல்லாம் சட்ட விரோதம். அப்படி நடந்துவிட்டால், இறக்கப்பட்ட நாளிலிருந்து 2 மாதத்துக்குள், நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். பஞ்சாயத்துப் பேசிப் பேசியே இரண்டு மாதம் ஓடிவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஊரில் யாராவது, “23 வருஷம் உழுதுவிட்டீர்கள், நிலம் உங்களுக்கே சொந்தம் என்று வழக்குப் போடுங்கள்” என்று யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். நிலத்துக்காரரின் உரிமையை மறுப்பது உங்களை வெளியேற்றுவதற்கே காரணமாகிவிடும். கோபத்தில்கூட அப்படி எழுத வேண்டாம். “நிலம் உங்களுடையது, நான் உங்கள் குத்தகைதாரர்” என்பதே உங்கள் நிலையாக இருக்கட்டும்.

பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். 16 மூட்டை குறைந்தது உண்மை. ஆனால் பாக்கி இருப்பதாலேயே நிலம் போய்விடாது. இரு தரப்பின் சூழ்நிலையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட நியாயமான அவகாசம் கொடுக்க வருவாய் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கொடுத்த கெடுவுக்குள் கட்டிவிட்டால் வெளியேற்ற உத்தரவு வராது. கட்டத் தவறினால் வரும். ஆகவே அந்த 16 மூட்டையின் மதிப்பை இப்போதே சிறுகச் சிறுகச் சேர்க்கத் தொடங்குங்கள்.

இந்த வருஷக் குத்தகையை அவர் வாங்க மறுக்கக்கூடும். வாங்காமல் விட்டு, பிறகு அதையும் பாக்கி என்று காட்டுவது பழைய வழி. அறுத்ததும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, “குத்தகை நெல் தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். வரவில்லை என்றால், குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவர் பேரில் அதைச் செலுத்திவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. நெல்லாகக் கொடுக்க வேண்டிய குத்தகைக்குச் செலுத்தும் நாளின் சந்தை மதிப்பைப் பணமாகக் கட்டலாம். கட்டிய சீட்டு உங்கள் முதல் ரசீதாக இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், நஞ்சைக்கு முதலில் மொத்த விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்திருந்ததைப் பின்னர் 25 சதவீதமாகக் குறைத்தது. மாவுக்கு 12 மூட்டை என்பதையே சராசரியாக எடுத்துக்கொண்டாலும் நியாயக் குத்தகை 3 மூட்டை. நீங்கள் 4 அளந்து வந்திருக்கிறீர்கள். நீங்களாகவே குறைத்து அளக்க வேண்டாம், அது புதிய பாக்கித் தகராறைக் கிளப்பும். நியாயக் குத்தகையை நிர்ணயிக்கக் கேட்டுத் தனி மனுப் போடலாம்.

சான்றுதான் உங்கள் பெரிய கவலை. நிலத்துக்காரர் மகன் உங்களிடம் பாக்கி கேட்கிறார் அல்லவா? குத்தகைதாரரிடம்தான் குத்தகைப் பாக்கி கேட்க முடியும். அவர் கைப்பேசியில் அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் பதிவுத் தபாலுக்கு அவர் பதில் எழுதினால் அது உங்களுக்குப் பொக்கிஷம். கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய பில், விதை நெல் வாங்கிய சீட்டு, அறுவடை எந்திர வாடகைத் துண்டு, கணவர் காலத்தில் தீர்வை கட்டியிருந்தால் அந்த ரசீது, எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். நான்கு எல்லையிலும் பக்கத்து வயல்காரர்கள் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி அவர்களே.

இவற்றை வைத்துக்கொண்டு, 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி உங்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதியக் கேட்டு வட்டாட்சியர் நிலையிலுள்ள பதிவு அலுவலரிடம் மனுக் கொடுங்கள். சர்வே எண், பரப்பு, நிலத்துக்காரரின் வாரிசுகள் பெயர், உங்கள் கணவர் எப்போதிலிருந்து உழுதார், அவருக்குப் பிறகு யார் உழைக்கிறீர்கள் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு அறிவிப்புப் போகும், இரு தரப்பையும் விசாரிப்பார்கள். வாய்மொழிக் குத்தகையையும் பதியலாம். நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மனு தள்ளுபடியானால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நிலத்துக்காரருக்கு அறிவிப்புப் போகும் என்றதுமே உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். பதிவு கேட்டால் பகை வரும், அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது என்று பயந்தே டெல்டாவில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பதியாமல் உழுகின்றன. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நிலத்துக்காரர் சுமுகமாக இருந்திருந்தால், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். இங்கே பகை ஏற்கெனவே வந்துவிட்டது. பதியாமல் இருப்பதால் உங்களுக்கு இனி எந்த லாபமும் இல்லை. நீங்கள் நிலத்தில் இருக்கும்போதே, பயிர் நிற்கும்போதே மனுவைக் கொடுங்கள். இறங்கிய பிறகு கொடுக்கும் மனுவுக்கு வலு குறைவு.

நிவாரணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயிர்ச் சேத நிவாரணம் சாகுபடி செய்தவரின் நஷ்டத்துக்காகக் கொடுப்பது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடை நேரத்து மழையில் பயிர் சாய்ந்தபோது, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான வயல்களுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட பணம் யாருக்குப் போகும் என்பதைக் கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்கும் பெயர்தான் முடிவு செய்கிறது. போன சம்பாவில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே யார் பெயர் எழுதப்பட்டது, எந்த ஆவணத்தை வைத்து எழுதினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சென்னையில் இருக்கிறவர் சாகுபடியாளராகப் பதிவாகியிருந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கணக்கெடுக்க வரும்போது வயலில் நில்லுங்கள்.

காப்பீட்டில் குத்தகைதாரருக்குத் தடை கிடையாது. 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் வாரதாரரையும் சேர்த்துக்கொள்கிறது. இடிக்கும் இடம் அடங்கல். சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். நட்டவுடனேயே, நீங்கள் சாகுபடி செய்வதைக் குறித்து அடங்கல் கேட்டு வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்பார்கள். கொள்முதல் நிலையத்துக்கும் அதே அடங்கல் உதவும். ஆனால் 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உங்களுக்குக் கிடைக்காது. அது சொந்தப் பெயரில் நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்.

அது நியாயமா என்றால், நியாயமில்லை என்றே சொல்வேன். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் வழியில் 2007-இல் மத்திய அரசு தேசிய விவசாயிகள் கொள்கையை வெளியிட்டது. அதில் குத்தகைதாரரும் வாரதாரரும் விவசாயக் கூலிகளும் விவசாயி என்ற சொல்லுக்குள் வந்தார்கள். கொள்கை அப்படிச் சொன்னது, பணம் மட்டும் பட்டாவைப் பார்த்தே நடக்கிறது. 2021-இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோதும், கடன் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் தள்ளுபடி. வட்டிக்கு வாங்கி நட்ட குத்தகைதாரரின் கடன் அப்படியே நின்றது.

ஆந்திரத்தில் 2019-இல் சாகுபடியாளருக்கு 11 மாத அட்டை கொடுக்கச் சட்டம் செய்தார்கள். நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய பர்கா இயக்கத்தில் அதிகாரிகளே கிராமத்துக்குப் போனார்கள், வாரதாரர்களைக் கூட்டாக உட்காரவைத்து விசாரித்துப் பதிந்தார்கள். சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். நம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நிலத்துக்காரர் கையெழுத்துத் தேவையில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒவ்வொரு பசலியிலும் கிராமம் கிராமமாக முகாம் போட்டுப் பதிய அரசு புதிதாக ஒரு சட்டமும் இயற்ற வேண்டியதில்லை. ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் பகை. ஊரே வரிசையில் நின்றால் யார் மீது பகை கொள்வது?

கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழும் வாசகர்களுக்கு ஒரு வரி: உங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் பொது அறநிலைய வேளாண் நிலங்கள் நிர்வாக ஒழுங்குமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது. மனுப்போடும் முறை வேறு. அங்கும் விசாரணை இல்லாமல் வெளியேற்ற முடியாது.

வக்கீல் செலவைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். ஒரத்தநாடு நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ, தஞ்சாவூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ அணுகி, ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், மேலே சொன்ன பில்கள், நிலத்துக்காரர் மகன் அனுப்பிய செய்திகளின் அச்சுப்படி, இவற்றோடு போங்கள். மனு உங்கள் பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்தே இருக்கட்டும். இருவர் உழைப்பும் அதில் எழுதப்பட வேண்டும்.