கத்திக்கட்டை வாங்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உணவகச் சமையற்கூடத்தின் பொறுப்பை ஏற்பவர் முதலில் வாங்க நினைக்கும் பொருள்களுள் கத்தித் தொகுதியும் ஒன்று. துளைகள் குடைந்த மரக்கட்டையில் பன்னிரண்டோ பதினைந்தோ கத்திகளைச் செருகி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை வைத்து விற்கப்படுவது அது. வீட்டுக்கென உருவான அந்தப் பொருள், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கூடத்துக்குப் பொருந்துமா என்பதைத் தம்பி அலகுகளின் பளபளப்பைப் பார்த்து முடிவுசெய்யாமல், கட்டையின் துளைகளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

மரத்துளையின் உட்புறத்தைக் கண்ணால் காணவும் முடியாது, தேய்த்துக் கழுவவும் முடியாது. கழுவிய கத்தியைத் துடைக்காமல் செருகும்போது ஈரமும் அலகில் ஒட்டிய உணவுத் துகளும் துளையின் அடியில் தங்கிப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இடந்தருகின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதை எளிதில் உலரவும் விடுவதில்லை. அதனினும் பெரிய தீங்கு, பச்சைக் கோழியை அறுத்த கத்தியும் சாலட்டுக்கு வெள்ளரி நறுக்கும் கத்தியும் ஒரே கட்டையில் இடம் மாறி மாறி நிற்பது. ஓர் உணவிலுள்ள நுண்ணுயிர்கள் கை, பலகை, கத்தி ஆகியவற்றின் வழியே மற்றோர் உணவுக்குச் செல்வதைக் குறுக்குத் தொற்று என்பர். அதைத் தடுக்கவே பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சாலட்டுக்கும் பழத்துக்கும் பச்சை, சமைத்த இறைச்சிக்கு மஞ்சள் எனப் பிடிகளுக்கு நிறம் பிரிக்கும் முறை பல நாடுகளின் சமையற்கூடங்களில் வழக்கத்தில் உள்ளது. நிறம் பிரித்து வாங்கிய கத்திகளை ஒரே துளைக்கட்டையில் செருகினால் அந்தப் பிரிப்பே வீணாகும். உணவைத் தொடும் கருவிகள் துருப்பிடிக்காதனவாகவும் எளிதில் தூய்மை செய்யத்தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்பதே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளிலுள்ள நான்காம் அட்டவணையின் நோக்கமும் ஆகும்.

ஆகவே, தனித்தனியாகப் பிரித்துக் கழுவக்கூடிய துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியோ, சுவரில் பொருத்தும் காந்தப் பட்டையோ மரக்கட்டையினும் மேலானது. காந்தப் பட்டையில் வைக்கும்போது கத்தியின் முதுகை முதலில் தொடவைத்து, பின்னரே அலகைச் சாய்க்க வேண்டும். எடுக்கும்போது வாயை முதலில் விலக்கி, முதுகின் மேல் திருப்பி எடுக்க வேண்டும். ஏற்கெனவே மரக்கட்டை வாங்கப்பட்டிருந்தால், வாய் மரத்தில் உராயாதபடி முதுகு கீழாகச் செருகுவதும், சமைக்காத இறைச்சிக்குரிய கத்திகளை அதில் அறவே வைக்காதிருப்பதும் குறைந்தபட்சக் கட்டுப்பாடு.

கத்திகளின் எண்ணிக்கையில் சிக்கனம் நல்லது. எட்டு அல்லது பத்து அங்குலப் பெருங்கத்தி, தோல் சீவும் சிறுகத்தி, ரொட்டிக்குரிய பல்வாய்க் கத்தி, எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும் ஒடுங்கிய கத்தி, எலும்பை வெட்டும் கனத்த வெட்டுக்கத்தி ஆகியவற்றோடு பெரும்பாலான வேலை முடிந்துவிடும். தொகுதியின் எண்ணிக்கையைக் கூட்டும் ஆறு மேசைக் கத்திகளுக்குச் சமையற்கூடத்தில் வேலையே இல்லை. வாழைப்பூவையும் மீனையும் அரிவாள்மணையில் ஆய்ந்து பழகியவர் கூடத்தில் இருப்பின், நவீனத்தின் பெயரால் அதை அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

உருக்கைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது விலை பேசும்போது உதவும். ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் கலந்தால் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திகளில் பரவலாகப் பயன்படும் 1.4116 என்னும் உருக்கில் கரிமம் அரை விழுக்காட்டளவும் குரோமியம் 15 விழுக்காட்டை ஒட்டியும் உள்ளன. ராக்வெல் என்னும் கடினத்தன்மை அளவையில் அது சுமார் 55 முதல் 58 வரை நிற்கிறது. ஜப்பானியக் கத்திகளுள் பல 60ஐத் தாண்டுகின்றன. அவை கூர்மையை நீண்டநேரம் தாங்கினாலும், எலும்பிலோ உறைந்த மீனிலோ பட்டால் வாய் உடைந்து தெறிக்கக்கூடும். பல கைகள் மாறிப் புழங்கும் கூடத்துக்கு, சற்று மென்மையான, எளிதில் தீட்டக்கூடிய உருக்கே ஏற்றது.

வாங்குவதைவிடப் பராமரிப்பிலேயே தம்பியின் கவனம் மிகுதியாக வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்ட நேர்வதால் அது வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. வெங்காயத்தின் உயிரணுக்களை அறுக்காமல் நசுக்குவதால் கண்ணெரிச்சலூட்டும் ஆவி மிகுகிறது. கொத்தமல்லி இலை நசுங்கிக் கறுக்கிறது. தீட்டுதலும் சாணை பிடித்தலும் வெவ்வேறு செயல்கள் என்பதைப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். எஃகுத் தீட்டுகோல், வெட்டும்போது ஒருபுறம் மடிந்த வாயின் நுண்விளிம்பை நிமிர்த்துகிறதேயன்றிப் புதிய கூர்மையைத் தருவதில்லை. ஆகவே அதை நாள்தோறும் பயன்படுத்தலாம். சாணைக்கல்லோ உருக்கையே தேய்த்துப் புதிய வாயை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 1000 எண்ணுள்ள நீர்க்கல்லில் தொடங்கி 3000க்கு மேற்பட்ட கல்லில் முடித்து, பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரையிலான ஒரே சாய்வை இறுதிவரை காப்பதே அதன் நுட்பம். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கப் பிடிக்கும் சாணை விரைவானது. ஆனால் அலகு சூடேறி விளிம்பில் நீலம் படர்ந்தால், அவ்விடத்து உருக்கின் பதம் போய்விட்டது என்று பொருள், அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர்மை நிலைக்காது. கடப்பைக்கல் மேடையிலும் எஃகுத் தட்டிலும் வைத்து நறுக்கும் பழக்கத்தைத் தம்பி முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

உப்பு, புளி, எலுமிச்சை ஆகியவை அலகில் காய்ந்து கிடந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் நுண்குழிகள் விழும்; குளோரின் கலந்த நீரில் ஊறவைத்தாலும் அதே கேடு நேரும். எனவே ஒவ்வொரு வேலைக்குப் பின்னரும் கையால் கழுவி, கிருமிநாசினி நீரை அதன் உறையில் குறித்த நேரம் மட்டும் பயன்படுத்தி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். பாத்திரம் கழுவும் பொறியின் சூடும் காரச்சோப்பும் மரப்பிடியைப் பிளக்கும். சோப்பு நுரை நிறைந்த தொட்டியில் கத்தியை விட்டுவிட்டு நகர்வதை எவருக்கும் அனுமதிக்கலாகாது. கழுவ வருபவரின் கை அதைக் காணாமலே தொடும். ஒவ்வொரு முறைப்பணி முடிவிலும் தாங்கியிலுள்ள கத்திகளை எண்ணி, எண்ணியவரின் கையெழுத்தோடு பலகையில் குறிக்கச் செய்வது தம்பியின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டிய வழக்கம்.

அன்புடன்,
அண்ணன்